ஃபுட்டி அணித் தேர்வு: யாரை எங்கே நிறுத்துவது, யாரை வெளியே உட்கார வைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச்சில் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்டியின் முதன்மை லீக்) பருவம் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை வியாழக்கிழமை சாயங்காலம் என் கைபேசி சும்மா இருக்காது. வார இறுதி ஆட்டங்களுக்கான அணிகளைக் கிளப்புகள் அறிவிக்கிற நேரம் அது. "அவனை ஏன் தூக்கினாங்க?", "இவனைப் போய் விங்லயா போடுவாங்க?" என்று ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். மெல்பர்னில் பல வருஷமாக ஃபுட்டி பார்க்கிறேன் என்பது மட்டும்தான் என் தகுதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி ஓய்ந்துபோய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இதுவும் ரக்பி மாதிரிதானே? அதே பொசிஷன்தானே இங்கேயும்?

இல்லை. பந்து முட்டை வடிவம் என்பதோடு ஒற்றுமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலிய ஃபுட்டியில் ஆஃப்சைடு கிடையாது. யாரும் எந்த நேரத்திலும் மைதானத்தின் எந்த மூலைக்கும் ஓடலாம். கீழே வரும் சண்டைகளில் பாதி இதனால் வருவதுதான்.

தெரியாதவர்களுக்காக இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் இருக்கும். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் உதைக்கப்பட்டு வரும் பந்தைத் தரை தொடாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவரை யாரும் தொட முடியாது, அவர் நிதானமாகப் பின்னால் போய் உதைக்கலாம்.

18 பேரும் எங்கெங்க நிப்பாங்க? ஒரு தடவை வரிசையா சொல்லிடுங்க.

ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று பேர், அதற்கு மேல் மூன்று பேர். நம் கோல் பக்கத்தில் நடுவில் ஃபுல் பேக், இருபுறமும் பேக் பாக்கெட். அதற்கு முன்னால் சென்டர் ஹாஃப் பேக், இருபுறமும் ஹாஃப் பேக் ஃபிளாங்க். நடுவில் சென்டர், ஓரங்களில் இரண்டு விங். அப்புறம் சென்டர் ஹாஃப் ஃபார்வர்டும் இரண்டு ஹாஃப் ஃபார்வர்டு ஃபிளாங்கும். கடைசியாக எதிரணி கோலுக்கு முன்னால் ஃபுல் ஃபார்வர்டும் இரண்டு ஃபார்வர்டு பாக்கெட்டும்.

மீதி மூவருக்கு ஃபாலோயர்ஸ் என்று பெயர். பந்து எங்கே போகிறதோ அங்கே போவதுதான் இவர்கள் வேலை. உயரமானவர் ரக், துருதுருவென்று இருக்கும் சின்ன ஆள் ரோவர், இரண்டுக்கும் நடுவில் ரக்-ரோவர். இந்த ரக்-ரோவர் என்றாலே பழைய ஆட்கள் சொல்லும் பெயர் ரான் பராசி. 1950களில் மெல்பர்ன் கிளப்பின் பயிற்சியாளராக இருந்த நார்ம் ஸ்மித், ரக் ஆடும் அளவுக்கு உயரமில்லாத, ஆனால் முரட்டு பலமுள்ள பராசியை எங்கே போடுவது என்று யோசித்து அந்த வேலையையே அவருக்கென்று வளர்த்தெடுத்தார். ஆளுக்காக இடம் உண்டானது அன்றைக்கே நடந்திருக்கிறது.

ஆனா டிவியில பாத்தா ஒருத்தரும் அந்த இடத்துல இல்லையே?

இருக்க மாட்டார்கள். அச்சில் வரும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் சம்பிரதாயம். ஆஃப்சைடு இல்லை என்றேனே, அதனால் பந்து இருக்கும் பகுதியில் முப்பது பேர் குவிவது சாதாரணம். 2000-இல் எசென்டன் அணி 20 ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்து வந்தது. அதை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் தோற்கடித்தது, ஆட்களைக் கூட்டமாகப் பின்னால் இறக்கி எசென்டன் ஃபார்வர்டுகளுக்கு மூச்சு விட இடமில்லாமல் செய்துதான். வெள்ளம் மாதிரி பின்னால் பாய்வதால் அதற்கு ஃபிளட் என்று பெயர். அந்தப் பருவத்தில் எசென்டன் தோற்றது அந்த ஒரு ஆட்டம்தான்.

இந்தக் கூட்டத்தைக் கொஞ்சமாவது கலைக்க 2019-இல் 6-6-6 விதி வந்தது. மைய வட்டத்தில் ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு குவார்ட்டர் தொடக்கத்திலும் கோல் விழுந்த பிறகும், ஒவ்வொரு அணியும் பின்னால் 6, நடுவில் 6, முன்னால் 6 என்று நின்றாக வேண்டும். அந்த சில விநாடிகள்தான் பட்டியலில் உள்ளபடி நிற்பது போலத் தெரியும். பந்து மேலே போனதும் எல்லாம் கலைந்துவிடும்.

முடிந்தால் ஒரு தடவை எம்சிஜியில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) மேல் அடுக்கில் உட்கார்ந்து பாருங்கள். தொலைக்காட்சி பந்தைக் காட்டுகிறது, மேல் அடுக்கிலிருந்து பார்த்தால்தான் அணி தெரியும்.

அப்போ பொசிஷன்னு சண்டை போடறதே வீண்தானா?

இடத்தைப் பற்றிய சண்டை வீண், வேலையைப் பற்றிய சண்டை வீண் இல்லை. இன்றைக்குப் பயிற்சியாளர் அறையில் "ஹாஃப் பேக் ஃபிளாங்க் யார்?" என்ற பேச்சு குறைவு. எதிரணியின் உயரமான ஃபார்வர்டை யார் பிடிப்பது, வரும் பந்தை நடுவில் புகுந்து பறிப்பது யார், பின்னாலிருந்து பந்தை வெளியே உதைத்துக் கொடுப்பது யார், கீழே சிதறும் பந்தைப் பொறுக்குவது யார் என்றுதான் பேசுவார்கள்.

கிரிக்கெட்டில் நல்ல பேட்ஸ்மேன் பதினொரு பேரை இறக்கினால் பந்து போட ஆள் இருக்காது. இங்கேயும் அதேதான். சிறந்த 23 பேரை எழுதிவிட்டால் அணி வந்துவிடாது. நண்பர்கள் அனுப்பும் "என் அணி" பட்டியல்களில் பத்துக்கு எட்டில் நடுக்கள ஆட்கள் பதினோரு பேர் இருப்பார்கள், எதிரணி ஃபுல் ஃபார்வர்டைப் பிடிக்க ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ரக் ஆள் ஒருத்தர் போதுமா? ரெண்டு பேரைப் போட்டா பந்தை எப்பவுமே நாமதானே தட்டுவோம்?

எந்த கிளப் ரசிகரைக் கேட்டாலும் இதில் ஒரு கருத்து இருக்கும். ரக் ஆள், நடுவர் மேலே எழுப்பும் பந்தைக் குதித்துத் தன் ஆட்களுக்குத் தட்டிவிடுகிறவர், பெரும்பாலும் 2 மீட்டருக்கு மேல் உயரம். முழு ஆட்டமும் ஒருவரே குதித்தால் உடம்பு தாங்காது என்பதால் இரண்டாவது ஆள் தேவை என்பது உண்மைதான். கேள்வி என்னவென்றால், அந்த இரண்டாவது ஆள் ரக்கில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்பார், என்ன செய்வார்?

மெல்பர்ன் கிளப்பின் கதை இதற்குப் பாடப் புத்தகம். 2021-இல் அவர்கள் கோப்பை வென்றபோது கேப்டன் மேக்ஸ் கான் முதல் ரக், இளைஞர் லூக் ஜாக்சன் இரண்டாவது. ஜாக்சன் ரக்கில் தோற்றாலும் பந்து தரையில் விழுந்ததும் இன்னொரு நடுக்கள ஆட்டக்காரர் மாதிரி ஓடுவார். 2022 முடிவில் அவர் ஃப்ரீமேன்டலுக்குப் போனதும், காலிங்வுட்டிலிருந்து பிராடி கிரண்டியைக் கொண்டுவந்தார்கள். தனியாகப் பார்த்தால் கிரண்டி பெரிய ரக். "நாட்டின் இரண்டு பெரிய ரக்கும் நம்மகிட்ட" என்று மெல்பர்ன் ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

நடந்தது வேறு. கானும் கிரண்டியும் ஒரே வேலைக்குப் பிறந்தவர்கள். ஒருவர் ரக்கில் இருந்தால் மற்றவர் ஃபார்வர்டில் நிற்க வேண்டும், அங்கே எதிரணி பந்தை எடுத்து ஓடும்போது துரத்தும் வேகம் அவரிடம் இல்லை. பருவத்தின் பிற்பகுதியில் கிரண்டி இரண்டாம் நிலை அணியில் ஆடினார், 2024-க்கு சிட்னிக்குப் போய்விட்டார். அவரை விட்டுக் கொடுத்த காலிங்வுட் அதே 2023-இல் பிரிஸ்பேனை 4 புள்ளியில் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. கிரண்டி மோசமான ஆட்டக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை, ஜாக்சன் செய்த வேலை கிரண்டியின் வேலை இல்லை.

விங்ல நிக்கிறவர் என்னதான் பண்றார்? பந்தே தொட மாட்டேங்கிறாரே.

மேல் அடுக்கில் உட்கார்ந்தபோது ஒரு நாள் வேண்டுமென்றே பத்து நிமிஷம் ஒரு விங் ஆட்டக்காரரை மட்டும் பார்த்தேன். எதிரணி பந்தை எடுத்ததும் பின்னால் நூறு மீட்டர் ஓடினார். பந்து அந்தப் பக்கம் வரவில்லை. நம் ஆள் பந்தைப் பறித்ததும் திரும்பி எல்லைக்கோட்டோடு முன்னால் ஓடி, இரண்டு கையையும் தூக்கினார். யாரும் அவருக்கு உதைக்கவில்லை. இடுப்பில் கை வைத்து இரண்டு மூச்சு விட்டு மறுபடி பின்னால் ஓடினார். ஐந்தாவதோ ஆறாவதோ முறை பந்து அவரிடம் வந்தது, சுற்றிலும் முப்பது மீட்டருக்கு ஆளே இல்லை. அந்தக் காலி இடத்துக்காகத்தான் முந்தைய ஐந்து ஓட்டமும்.

அதனால் விங் ஆளைப் பந்து தொட்ட எண்ணிக்கையை வைத்து மதிப்பிடாதீர்கள். அவர் மட்டும் சோம்பல்பட்டு ஒரு ஓட்டத்தை விட்டால், எதிரணி விங் தனியாக நின்று கோல் அடிப்பார், திட்டு பின்வரிசைக்கு விழும்.

கோல் அடிக்கிறவன்தானே ஜெயிக்க வைக்கிறான்? டிஃபெண்டருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கோப்பைக்கான இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள், 2018-இன் கடைசி நிமிஷங்களைப் பாருங்கள். காலிங்வுட் முன்னிலையில் இருக்கிறது, பந்தை மறுபடி கோல் பக்கம் உதைக்கிறது. வெஸ்ட் கோஸ்ட்டின் டிஃபெண்டர் ஜெரமி மெகவர்ன் புகுந்து மார்க் பிடித்தார். அவரிடமிருந்து நேதன் வார்டி, வார்டியிடமிருந்து லியாம் ரயன், ரயனிடமிருந்து டாம் ஷீட். எல்லைக்கோட்டை ஒட்டிய கஷ்டமான கோணத்திலிருந்து ஷீட் கோல் அடித்தார். 79–74, கோப்பை வெஸ்ட் கோஸ்ட்டுக்கு.

எல்லோரும் ஷீட்டின் உதையைப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் மெகவர்ன் அன்று தன் ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு பந்தைக் குத்தி வெளியே தள்ளியிருந்தால் அந்தச் சங்கிலியே இல்லை. பந்தைத் தட்டிவிடுபவர் ஆபத்தைத் தடுக்கிறார், பிடிப்பவர் அங்கேயே நம் தாக்குதலைத் தொடங்குகிறார். இதற்காகத்தான் கிளப்புகள் இன்டர்செப்ட் டிஃபெண்டருக்கு அலைகின்றன. ஒரு நிபந்தனை உண்டு: அவர் தன் ஆளை விட்டுவிட்டுப் போக, பக்கத்தில் இருப்பவர் அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் வெளியே வராத அந்தப் பக்கத்து ஆளைத்தான் ரசிகர்கள் முதலில் "தூக்கு" என்பார்கள்.

முன்னாடி எல்லாம் ஒரு பருவத்துல 100 கோல் அடிப்பாங்களாமே. இப்போ ஏன் முடியல? ஃபுல் ஃபார்வர்டு செத்துப்போச்சா?

சாகவில்லை, ஆனால் தனியாக நிற்க விடுவதில்லை. 1971-இல் பீட்டர் ஹட்சன் ஒரே பருவத்தில் 150 கோல் அடித்தார். டோனி லாக்கெட்டின் மொத்தக் கணக்கு 1,360. ஒரு பருவத்தில் 100-ஐக் கடைசியாகத் தாண்டியவர் லான்ஸ் ஃபிராங்ளின், 2008-இல். அன்றைய ஃபுல் ஃபார்வர்டுக்கு எதிரே ஒரு ஃபுல் பேக் மட்டும். இன்றைக்கு அவரைச் சுற்றி மூன்று பேர் வந்துவிடுகிறார்கள்.

உயரமான ஃபார்வர்டு எத்தனை பேர் வேணும்? மூணு பேர் இருந்தா நல்லதுதானே?

உயரத்தால் மார்க் கிடைக்கும், ஆனால் பந்து கீழே விழுந்த பிறகு உயரமானவர் சுமை. 2017-இல் ரிச்மண்ட் 37 வருஷம் கழித்து கோப்பை வென்றபோது உயரமான ஃபார்வர்டு என்று சொல்ல ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான். சுற்றிலும் டேனியல் ரியோலி, ஜேசன் காஸ்டான்யா, டேன் பட்லர் என்று சின்ன ஆட்கள். ரீவோல்ட் மார்க் பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டாலும் பந்தைக் கீழே கொண்டுவந்தால் போதும், இந்த மூவரும் தேனீ மாதிரி மொய்த்து எதிரணியை வெளியே விட மாட்டார்கள்.

மழை நாளில் கேட்கவே வேண்டாம், ஈரப் பந்து கையில் நிற்காது. மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு கிளப் ஒரு உயரமானவரை விட்டுவிட்டால் அதற்காகக் கோபப்படாதீர்கள்.

பட்டியல்ல "ஒமிட்டட்", "மேனேஜ்டு"ன்னு போடறாங்களே, என்ன வித்தியாசம்?

ஒமிட்டட் என்றால் சரியாக ஆடவில்லை, தூக்கிவிட்டோம். மேனேஜ்டு என்றால் உடம்புக்கு ஓய்வு தருகிறோம். சில சமயம் இரண்டாவது, முதலாவதின் மரியாதையான பெயராகவும் இருக்கும், குறிப்பாக வயதான ஆட்டக்காரருக்கு. இன்ஜர்ட் என்பதைச் சொல்ல வேண்டாம். தலையில் அடிபட்டு கன்கஷன் (மூளை அதிர்ச்சி) என்று முடிவானால் 2021 முதல் குறைந்தது 12 நாள் ஆட முடியாது, ஆகவே அடுத்த வாரம் அநேகமாக இல்லை. "நல்லாத்தானே நடக்கிறான், ஏன் எடுக்கல?" என்று அதற்காகக் கேட்காதீர்கள்.

பெஞ்ச்ல எத்தனை பேர்? ஒவ்வொரு தடவையும் வேற வேற சொல்றாங்க.

மாறிக்கொண்டே இருப்பதால்தான். ரொம்ப நாள் நான்கு பேர், நினைத்தபோது உள்ளே வெளியே போகலாம். 2011 முதல் 2015 வரை மூன்று பேரும் ஒரு சப்பும் (ஒரே ஒரு முறை இன்னொருவருக்குப் பதிலாக இறங்குபவர்). மறுபடி நான்கு. 2021-இல் காயத்துக்கு மட்டும் என்று ஐந்தாவதாக ஒரு சப். 2023-இல் அந்த சப்பை எந்தக் காரணத்துக்கும் இறக்கலாம் என்றானது. 2026 முதல் சப் என்பதையே எடுத்துவிட்டு பெஞ்சில் ஐந்து பேர் என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஆட்டத்தில் ஒரு அணி ஆட்களை மாற்றும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2014-இல் 120, 2016-இல் 90, 2021-இல் 75. மாற்றங்கள் குறையக் குறைய ஆட்டக்காரர் களத்தில் இருக்கும் நேரம் கூடும். அதனால் இரண்டு வேலை தெரிந்தவருக்கு மதிப்பு ஏறியது. ரக் பற்றிச் சொன்னதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாம் நிலை அணியில பிச்சு உதறுறான், 35 தடவை பந்து எடுக்கிறான். ஏன் மேல எடுக்க மாட்டேங்கிறாங்க?

அவர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டும். நடுக்களத்தில் நின்று 35 தடவை எடுத்திருப்பார், மேலே காலியாக இருப்பது சின்ன ஃபார்வர்டின் இடமாக இருக்கும். அங்கே எட்டு தடவை பந்து தொட்டு, இருபது தடவை துரத்தினால்தான் பேர் சொல்ல முடியும். வாரப் பட்டியலில் அடுத்தவராகத் தெரிபவர் பெரும்பாலும் அடுத்த நல்ல ஆள் இல்லை, காலியான வேலைக்கு அடுத்த ஆள். இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவருடைய வாதத்திலும் நியாயம் உண்டு: சில கிளப்புகள் "வேலைக்குப் பொருந்தாது" என்று சொல்லியே ஒரு இளைஞரின் இரண்டு வருஷத்தை வீணடித்திருக்கின்றன.

நம்ம டிஃபெண்டரைத் தூக்கி ஃபார்வர்டுல போட்டா என்ன? உயரம் இருக்கு, மார்க் பிடிக்கிறான்.

சில சமயம் பலிக்கும். வெஸ்டர்ன் புல்டாக்ஸின் ஏரன் நாட்டன் 2018-இல் டிஃபெண்டராக ஆரம்பித்து, அடுத்த வருஷமே ஃபார்வர்டானார், அங்கேயே நிலைத்துவிட்டார். ஹாதார்னின் ஜேம்ஸ் சிசிலி எதிர்த்திசையில் போனார், ஃபார்வர்டாக வந்து பின்வரிசைக்குப் போய் கேப்டனும் ஆனார். நிக் டைக்கோஸை முதல் வருஷம் காலிங்வுட் பின்வரிசையில் வைத்தது, பந்தை முகத்துக்கு நேராகப் பார்த்து ஆடப் பழகட்டும் என்று நினைத்திருக்கலாம். 2022-இல் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கிவிட்டு அடுத்த வருஷம் நடுக்களத்துக்கு வந்தார்.

ஆனால் டிஃபெண்டர் தன்னை நோக்கி வரும் பந்தைப் பிடிக்கிறார். ஃபார்வர்டு பெரும்பாலும் முதலில் ஓட வேண்டும், அப்புறம் திரும்ப வேண்டும், உதைப்பவர் தலை நிமிரும் நொடியில் சரியான இடத்தில் இருக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் ஒருவரை முன்னால் அனுப்புவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தேர்வு இல்லை, பிரார்த்தனை.

ஆல்-ஆஸ்திரேலியன் அணியில நடுக்கள ஆட்களை ஏன் விங்லயும் ஹாஃப் ஃபார்வர்டுலயும் திணிக்கிறாங்க?

இந்த விஷயத்தில் நான் கோபக்காரர்கள் கட்சி. பருவத்தின் சிறந்த 22 பேர் என்று அறிவிக்கப்படும் கௌரவ அணி அது, அந்த 22 பேரும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடப்போவதில்லை. ஆகவே நட்சத்திர நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் மிச்சமிருந்தால் எங்காவது எழுதிவிட ஆசை வரும். விங் பற்றி மேலே சொன்னதை வாசித்திருந்தால், அந்த ஓட்டத்தை வருஷம் முழுக்க ஓடியவருக்கு அது எப்படி இருக்கும் என்று புரியும். 2023-இல் ஜாஷ் டைக்கோஸை, உண்மையாகவே விங் ஆடியவரை, விங்கில் எழுதியபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

கிராண்ட் ஃபைனலுக்குக் காயத்துல இருந்து திரும்புறவரை எடுக்கணுமா, கூடாதா? எடுத்து ஜெயிச்சா முடிவு சரின்னு அர்த்தமா?

இது ஒவ்வொரு செப்டம்பரும் வரும், ஒற்றைப் பதில் இல்லை. 2025-இல் பிரிஸ்பேன் தன் கேப்டன்களில் ஒருவரான லாக்கி நீலைக் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பிய உடனே சப்பாக வைத்தது. ஆட்டத்தின் நடுவே இறங்கினார், ஜீலாங்கை 47 புள்ளியில் வென்றார்கள். அன்றைக்கு சப் என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால் அந்தத் துணிச்சலுக்கு விலை அதிகமாகியிருக்கும்.

2019-இல் ரிச்மண்ட் வேறு மாதிரி செய்தது. ஜாக் கிரஹாமுக்கு முந்தைய ஆட்டத்தில் தோள்பட்டை விலகியது. அவருக்குப் பதிலாக வந்தவர் மார்லியன் பிக்கெட், 27 வயது, அதுவரை ஏஎஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 1952-க்குப் பிறகு கிராண்ட் ஃபைனலில் அறிமுகமான முதல் ஆள். ஒரு கோலும் அடித்தார், ரிச்மண்ட் 89 புள்ளியில் வென்றது. கிரஹாம் அரைத் தோளோடு ஆடியிருந்தாலும் 89 புள்ளி வித்தியாசத்தில் என்ன மாறியிருக்கும்? ஆகவே ஜெயித்ததை வைத்து முடிவு சரி என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமை கையில் என்ன தகவல் இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும், அந்தத் தகவல் நமக்குக் கிடைப்பதில்லை.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். 2017-இல் தன் ஐந்தாவது ஆட்டமாகக் கிராண்ட் ஃபைனல் ஆடி மூன்று கோல் அடித்தவர் இதே கிரஹாம். அன்றைக்கும் அவருக்காக அனுபவசாலி ஒருவர் வெளியே உட்கார்ந்திருப்பார்.